காசியிலிருந்து ஒன்பது பேர் ராமேஸ்வரம் வர்றாங்க: எது முதல்ல, எது கூடாது?

வைகைக்கரை (கேள்வி):
தை மாசம் காசிப் பக்கமிருந்து ஒன்பது பேர் வர்றாங்க. ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி. கூட்டிட்டுப் போற பொறுப்பு என்னுது. அதுல ரெண்டு பேர் எழுபதைத் தாண்டினவங்க. ஒருத்தர் தகப்பனாருக்குத் தர்ப்பணம் பண்ணணும்கிறார். ஒரு பெண் கிறிஸ்தவர். கங்கைத் தண்ணியும் செம்புல வருது. எனக்கு ஊர் பரமக்குடிதான், ஆனா முறைன்னு எதுவும் தெரியாது. கடல் முதல்லயா, கோயில் முதல்லயா? என்ன உடுத்தச் சொல்லணும்? அந்தப் பெண் எதுவரைக்கும் வரலாம்? தனுஷ்கோடில எதைச் செய்யவே கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேதுமணல்:
முறை இதுதான்: அக்னி தீர்த்தம், அதாவது கிழக்குக் கோபுரத்துக்கு நேரே உள்ள கடலில் முழுக்கு. தர்ப்பணம் இருந்தால் அந்தக் கரையிலேயே. ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தம். பிறகு உலர்ந்த துணிக்கு மாறி சுவாமி தரிசனம். பலரும் தவறுவது கடைசிப் படியில். 22 கிணறு முடிந்த கையோடு சொட்டச் சொட்ட தரிசன வரிசையில் போய் நிற்பார்கள். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். ஒன்பது பேரில் ஒருவர் மாற்றுத்துணி எடுத்து வரவில்லை என்றால் மற்ற எட்டுப் பேரும் அவருக்காக நிற்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு முழு மாற்று உடை, ஒரு துண்டு, ஈரத்துணி போட ஒரு பை. இதை முதல் நாள் இரவே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உடை: ஆண்களுக்கு வேட்டி இருந்தால் எந்தப் பேச்சும் இல்லை, பேன்ட் சட்டையும் சரி. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் வேண்டாம். பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். குளிக்கப் போகும்போது பெண்கள் அடர்த்தியான நிறத்தில், கொஞ்சம் கனமான பருத்தி சுடிதார் போடுவது நல்லது. வெள்ளையும் மெல்லிய துணியும் நனைந்தால் சங்கடம். சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். பிரகாரக் கருங்கல் தரையோ எந்நேரமும் ஈரம். வழுக்கி விழுகிறவர்களில் பாதிப் பேர் அவசர நடையால் விழுகிறவர்கள்தான்.

கைபேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

காசிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் ஊரில் விசுவநாதரைக் கையால் தொட்டு, தாங்களே தண்ணீர் ஊற்றிப் பழக்கம். இங்கே அப்படி இல்லை. கருவறைக்குள் போகிறவர்கள் பரம்பரையாகப் பூஜை செய்யும் மராட்டிய அந்தணர்கள், அதுவும் சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்கள் மட்டும். இது தெரியாமல் வந்து, "இவ்வளவு தூரம் வந்தும் தொட விடவில்லையே" என்று மனம் கசந்து திரும்புகிறவர்கள் நிறைய. அவமதிப்பில்லை, தென்னாட்டுக் கோயில் முறை அப்படி என்று ரயில் ஏறும் முன்பே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று. இரண்டு லிங்கங்கள். அனுமன் வடக்கேயிருந்து கொண்டுவரத் தாமதமானதால் சீதை மணலில் பிடித்தது ராமலிங்கம். பிறகு வந்து சேர்ந்தது விசுவலிங்கம். அனுமன் மனம் நோகக் கூடாது என்று முதல் பூஜை விசுவலிங்கத்துக்கே. காசிக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் முகம் மலரும்.

அக்னித்தெரு:
சேதுமணல் சொன்ன வரிசை சரி. ஆனா ரெண்டு ராத்திரி தங்குறவங்களுக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். விடியக்காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், சுமார் ஒரு மணி நேரந்தான். நிறையப் பேர் முதல் நாளே அதுக்கு ஓடி, அப்புறமா கடலுக்குப் போறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஊர்ல பாதிப் பேர் பண்றதுதான். ஆனா தீர்த்தமாடாம சன்னதிக்குப் போறதில்லைன்னு இருக்கிற குடும்பமும் உண்டு, காசியிலிருந்து வர்றவங்க பெரும்பாலும் அந்த ரகம். அதனால முதல் நாள் கடல், கிணறு, தரிசனம். ரெண்டாம் நாள் விடிகாலை ஸ்படிக லிங்கம், அப்புறம் தனுஷ்கோடி. சண்டையில்லாம முடியும்.

கோயில் மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பாங்க. 11 மணிக்குக் கடல்ல இறங்குற கூட்டம் கிணத்தை முடிக்காம மாட்டிக்கும். ஆறு மணிக்குக் கடல்ல இருந்தா வெயிலுக்கு முன்னாடி எல்லாம் ஆயிடும்.

தர்ப்பணம் பத்தி. மத்த ஊர்ல கடல் ஸ்நானத்துக்குப் பர்வ நாள் பார்க்கணும், சேதுல, அதாவது இங்க மட்டும் நாள் பார்க்க வேண்டாம்ங்கிறது சாஸ்திரம். அதனால அமாவாசைக்குத்தான் வரணும்னு இல்லை. சொல்லப்போனா தை அமாவாசை அன்னைக்கு வராம பார்த்துக்கோங்க, எழுபது வயசுக்காரங்களை வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல ஒண்ணும் பண்ண முடியாது. ஆடி அமாவாசையும் மகாளய அமாவாசையும் அப்படித்தான்.

தர்ப்பணம் பண்றவர் ஒரு தாள்ல எழுதிட்டு வரணும்: கோத்திரம், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேர், அந்த மூணு தலைமுறைப் பெண்கள் பேர், அம்மா வழியிலயும் அதே மாதிரி. கரையில உட்கார்ந்துக்கிட்டு ஊருக்குப் போன் போட்டு "பாட்டியோட மாமியார் பேரு என்ன?"ன்னு கேட்கிறது தினம் நடக்குது. எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் புரோகிதரே கொண்டு வருவார். பேசும்போது "தட்சிணை எவ்வளவு"ன்னு மட்டும் கேட்காதீங்க. "சாமான், தானம், தட்சிணை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு"ன்னு கேளுங்க. நடுவுல கோதானம், வஸ்திர தானம்னு ஒவ்வொண்ணா ஏறும்போதுதான் மனக்கசப்பு வர்றது. இந்தி பேசுற புரோகிதர்கள் இருக்காங்க, மொழி பிரச்னையில்லை. பக்கத்துல வேற குடும்பம் பிண்டம் வச்சுக்கிட்டிருந்தா அதைப் படம் பிடிக்கக் கூடாது, குறுக்கே நடந்து போகவும் கூடாது.

முழுக்குப் போட்ட துணியைக் கடல்லயே விட்டுட்டா பாவம் போயிடும்னு வடக்கேயிருந்து வர்றவங்க நம்புறாங்க. தயவுசெஞ்சு தடுங்க. அந்தத் துணி தண்ணிக்கடியில கிடந்து அடுத்து இறங்குற கிழவிக்குக் காலைப் பின்னுது.

வைகைக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த எழுபது வயசுக்காரங்களுக்கு 22 வாளித் தண்ணி தாங்குமா? வாசல்லயே சிலர் வந்து "தனியா இறைச்சு ஊத்துறோம்"னு கேப்பாங்களாமே, அதுக்குப் போலாமா?

சேதுமணல்:
கவுன்டரில் தலைக்கு 25 ரூபாய்தான் பல ஆண்டுகளாகக் கட்டணம். அந்தச் சீட்டுக்கே ஒவ்வொரு கிணற்றிலும் ஆள் நின்று வாளியால் இறைத்து ஊற்றுவார். நாம் இறைக்கக் கூடாது. வெளியில் பேசும் ஆட்கள் கேட்பது அதைப் போலப் பல மடங்கு. அவர்களோடு போனால் ஆளுக்குத் தனி வாளி கிடைக்கும், பொதுவில் போனால் ஒரு வாளி நாலு தலைக்குத் தெறிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். தலையில் பட்டால் போதும், முழு வாளி வேண்டும் என்று எங்கும் விதியில்லை.

முதலில் மகாலட்சுமி தீர்த்தம், கடைசியில் கோடி தீர்த்தம். நடுவில் சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி, நளன், நீலன், சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா என்று போகும். கிணற்றருகே பெயர்ப் பலகை இருக்கும், வரிசையை மாற்ற வேண்டாம். கூட்டமில்லாத நாளில் முக்கால் மணி நேரம், கூட்டம் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. கோடி தீர்த்தத்தை வீட்டுக்குப் பிடித்துப் போவது வழக்கம். சின்னப் பாத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு: தையில் விடிகாலை வாடைக் காற்றில் நனைந்த துணியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடப்பதுதான் அவர்களைச் சாய்க்கும், தண்ணீர் அல்ல. அவர்களை ஒன்பது மணிக்கு மேல் கூட்டிப் போங்கள். இறைப்பவரிடம் "பெரியவங்க, தெளிச்சா போதும்ணே" என்று சொன்னால் கையால் அள்ளித் தெளிப்பார். புரோட்சணம் செய்தாலும் ஸ்நானப் பலன் உண்டு என்று அவர்களுக்கும் தெரியும், காசியில் குளிர்காலத்தில் செய்வதுதானே. இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் கோடி தீர்த்தத்தை மட்டும் தலையில் தெளித்துக்கொண்டாலும் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

கடலுக்கு இவ்வளவு அருகில் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கட்டாயம் கேட்பார்கள். தீவு முழுக்க மணலும் பவளச் சுண்ணாம்பும். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர், ஆழமாகவோ வேகமாகவோ எடுத்தால் கீழேயுள்ள உப்பு ஏறிவிடும். தங்குமிடத்துக் குழாய்களில் உப்புக் கரிப்பதற்கும் இதுதான் காரணம். அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளிக்காதீர்கள் என்று சொல்வது இந்த ஊருக்குச் செய்யும் மரியாதை.

பாம்பன்வாடை:
கோயிலை ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் மத்ததைச் சொல்றேன்.

முதல்ல பாலம். ரோட்டுப் பாலத்துல வண்டிய நிப்பாட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது, அபராதம் போடுவாங்க. அது ரெண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1988ல திறந்தது. பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24ல ஓட ஆரம்பிச்சது. இப்ப ரயில் ஓடுறது 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாலத்துல. கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேரா மேல போகும். ரயில்ல வந்தா அவங்களுக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம், "இந்துத் தீவு"ன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. இறங்குனதும் பாம்பன், தங்கச்சிமடம் வழியாத்தான் போகணும். அங்க கடலுக்குப் போறவங்கள்ல ரொம்பப் பேர் கிறிஸ்தவங்க. ராமேஸ்வரத்துக்குள்ள பள்ளிவாசல் தெருவுலதான் 1931 அக்டோபர் 15ல அப்துல் கலாம் பொறந்தாரு. சீதா ராமர் கல்யாணத்துக்கு உற்சவ மூர்த்தியை ராம தீர்த்தத்து நடுவுல இருக்கிற இடத்துக்குக் கொண்டு போக மேடை கட்டின படகு குடுத்தது அவங்க குடும்பம். அவரோட நினைவிடம் பேக்கரும்புல இருக்கு, 2017 ஜூலை 27ல திறந்தாங்க. உங்க ஆளுங்க அங்கயும் செருப்பைக் கழட்டிட்டு, சத்தம் போடாம பார்த்துட்டு வரணும். அது அடக்கத்தலம், பார்க் இல்லை.

சாப்பாடு: கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுகள்ல சைவந்தான் நடக்கும். தர்ப்பணம் பண்ணினவருக்கு அன்னைக்கு எப்படியும் சைவம். மீன் வேணும்கிறவங்க பாம்பன் பக்கம் வந்துக்கலாம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அப்ப வர்றவங்க மீன் விலையைக் கேட்டு மலைக்காம இருக்கணும். உங்க ஆளுங்க தையில வர்றதால கவலையில்லை.

தனுஷ்கோடி. ஊர்லேருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வழியில கோதண்டராமர் கோயில். விபீஷணனுக்குப் பட்டம் கட்டுன இடம், 1964 புயல்ல தப்பிச்சு நிக்கிறது அது. சாயங்காலம் வண்டிகளை வெளிய அனுப்பிருவாங்க, அதனால ரெண்டு மணிக்குக் கிளம்பினாதான் அவசரமில்லாம பார்க்கலாம். தெருவிளக்கு கிடையாது, நிழல் கிடையாது. ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி இல்லன்னா துண்டு. சில போன்ல இலங்கை நெட்வொர்க் புடிச்சு மணியே மாறிரும், ரோமிங்கை அணைச்சு வைக்கச் சொல்லுங்க.

முனையில குளிக்க விடாதீங்க. சேது ஸ்நானம்னு அடம்புடிப்பாங்க. மணல் அங்க ஒரே அடியில பள்ளமாயிரும், ரெண்டு கடல் தண்ணியும் மோதி இழுக்கும். இந்தப் பக்கத்துக் கடல்காரங்க பாக் கடலைப் பெண் கடல்னும் மன்னார் கடலை ஆண் கடல்னும் சொல்லுவாங்க. ஆனா வாடைக் காலத்துல பெண் கடல்தான் குமுறும், கச்சான், அதாவது மேல்காத்து அடிக்கிறப்ப ஆண் கடல். தையில வாடை, அதனால "இந்தப் பக்கம் அமைதியா இருக்கும்னு சொன்னாங்களே"ன்னு யாரும் இறங்க வேண்டாம். கரையில நின்னு அலை வந்து தொட்டதைத் தலையில தெளிச்சுக்கலாம்.

இடிஞ்ச மாதா கோயில், ரயில்வே ஸ்டேஷன் சுவரு, இதுமேல ஏறி நின்னு போட்டோ எடுக்கிறாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி விடியறதுக்குள்ள ஊரே போச்சு, பாம்பன்லேருந்து வந்த பாசஞ்சர் ரயிலை ஆளோட சேர்த்துக் கடல் அள்ளிருச்சு. அது பேய் ஊரு இல்லை, செத்தவங்க ஊரு. இன்னைக்கும் அங்க குடிசை போட்டு மீன் புடிக்கிறவங்க இருக்காங்க. கருவாடு காயப் போட்டிருக்கிற பாய் மேல மிதிக்காம நடக்கணும். ஆளுகளைப் படம் புடிக்கணும்னா "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டுட்டு எடுக்கணும். வேண்டாம்னா வேண்டாந்தான்.

சிப்பிக்கடை: பவளப்பாறை, கடல் விசிறி, கடல்குதிரை எதையும் வாங்கவும் கூடாது, கரையில கிடந்து பொறுக்கவும் கூடாது. வனவுயிர்ச் சட்டத்துல முதல் பட்டியல், புலிக்கு என்ன சட்டமோ அதேதான். "மிதக்கும் கல், ராமர் பாலத்துக் கல்"னு தொட்டியில போட்டுக் காட்டுவாங்க. உள்ள காத்து ஓட்டை நிறைஞ்ச பவளக் கல்லு அது. கும்பிட்டுட்டு வரலாம், பைக்குள்ள வைக்கக் கூடாது. வலம்புரிச் சங்குன்னு தெருவுல விக்கிறதுல பாதி அமெரிக்கக் கடல்ல வர்ற வேற சாதி நத்தை, அந்தச் சாதியே வலம்புரி மாதிரி இடப்பக்கம் திறந்துதான் வளரும். நம்ம சங்குன்னா வாய்க்குள்ள தண்டுல மூணு நாலு மடிப்பு இருக்கும், அதுக்கு இருக்காது. விரலை விட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிரும். இடம்புரிச் சங்குன்னா நல்லதாவே கிடைக்கும், அதை வாங்கிட்டுப் போகட்டும்.

அக்னித்தெரு:
"செத்தவங்க ஊரு"ன்னு சொன்னீங்களே, அதைத்தான் எழுத நினைச்சேன். அங்க பாட்டுப் பெட்டியை அலற விடுறதையும் சேர்த்துக்கோங்க.

வைகைக்கரை:
நன்றிண்ணே. அந்தக் கிறிஸ்தவப் பெண் விஷயத்தை யாராவது சொல்லுங்களேன். வாசல்ல வச்சு அவங்க மனசு நோகக் கூடாது.

உப்பூர்வெயில்:
பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரி 30 அன்று மதுரைக் கிளை சொன்ன தீர்ப்பு: இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது, பலகை வைக்க வேண்டும். எல்லாக் கோயில்களுக்கும் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. அந்தத் தெய்வத்திடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கப்படி நடப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கலாம். அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை, கட்டடம் பார்க்கத்தான் வருகிறார் என்றால் எழுதிக் கொடுப்பது பொய்யாகிவிடும். அதற்குத் தூண்டாதீர்கள்.

அவருக்காகப் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. இந்தக் கோயிலின் பெயர் போன வேலைப்பாடு கருவறையில் இல்லை, மூன்றாம் பிரகாரத்தில் இருக்கிறது. 1212 தூண்கள், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்துத் திருப்பணி. காவலரிடம் முதலிலேயே "இவங்க பிரகாரம் மட்டும் பார்ப்பாங்க" என்று சொல்லி, எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்றபின் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பப்படுவதுதான் மனதை நோகச் செய்யும். மற்றவர்கள் சன்னதிக்குப் போகும் நேரத்தில் அவரைத் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்துக்கு அனுப்பலாம், அல்லது குந்துகாலுக்கு. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கரையேறிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது.

எல்லோரும் தீவைப் பற்றியே சொல்லிவிட்டீர்கள். பழைய சேது யாத்திரை தீவில் தொடங்குவதில்லை. உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், பிறகு தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் (நவக்கிரகக் கற்கள்), பிறகு திருப்புல்லாணி, சேதுக்கரை, அதற்குப் பிறகே ராமேஸ்வரம். காரில் வருகிறவர்களுக்கு ராமேஸ்வரத்துக்கு முந்தைய நாள் மாலையில் தேவிபட்டினமும் திருப்புல்லாணியும் முடியும். நவபாஷாணத்தில் நடைமேடை போட்டிருக்கிறார்கள். கற்களைச் சுற்றி வரலாம், நவதானியம் போடுவார்கள். பிளாஸ்டிக் பையோடு சேர்த்து வீசாமல் தானியத்தை மட்டும் போடச் சொல்லுங்கள். திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலம், வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாதது. பால் பாயசம் அங்கே பிரசாதம்.

வைகைக்கரை:
கடைசியா ஒண்ணு. கங்கைத் தண்ணிய என்ன பண்றது? நேரா குருக்கள் கையில குடுத்திடலாமா?

சேதுமணல்:
குருக்கள் கையில் நீட்டாதீர்கள். கோயில் அலுவலகத்தில் கங்காபிஷேகத்துக்கு ரசீது போட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் கொண்டு போக வேண்டும். மூடி முத்திரை பிரிக்காத செம்பாக இருக்கட்டும்; வழியில் பாதியை வேறு பாட்டிலுக்கு மாற்றுவது, ஒருவர் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது எல்லாம் நடக்கும், அப்புறம் அது அபிஷேகத்துக்கு ஆகாது.

அவர்கள் கணக்கில் யாத்திரை இத்துடன் முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சேதுவில் எடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, காசிக் கங்கையை இங்கே கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி – ராமேஸ்வரம் சுற்று முழுமை. ஏற்கெனவே மணல் கொண்டுபோனவர்களா, இப்போதுதான் எடுக்கப் போகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எடுக்கப் போகிறவர்களென்றால் ஒரு கைப்பிடி போதும், துணியில் முடிந்துகொள்ளட்டும். சிப்பியும் பவளத் துண்டும் இல்லாமல் சலித்த மணலாக எடுக்கச் சொல்லுங்கள்.